போஸ்துமுஸுக்குச் சொன்ன புத்திமதி

ரோமாபுரியில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஜுவெனல் என்னும் அங்கதக் கவி, தெளிந்த புத்தியுள்ள போஸ்துமுஸ் என்பவன் விவாகத்துக்கு ஏற்பாடு செய்கிறான் என்று கேள்வியுற்று, எந்தப் பேய் அவனைப் பிடித்ததோ என்று பதறிப் பாடத் தொடங்கினார். அந்தப் பதற்றம் 650 அடிகளையும் தாண்டி நீண்டு, அவர் இயற்றிய 16 அங்கதங்களில் ஆறாவதாகவும் யாவற்றினும் பெரிதாகவும் நின்றுவிட்டது.

படுக்கையிலும் ஓயாத சச்சரவு, மாமியார் உள்ளவரை கிட்டாத சமாதானம் ஆகிய புலம்பல்கள் எத்தேசத்தாருக்கும் பழகியவை. நான் திரும்பத் திரும்பப் படிப்பது கற்றறிந்த மனைவியைப் பற்றிய பகுதியை. விருந்தில் அமர்ந்ததும் அவள் ஹோமரையும் வர்ஜிலையும் தராசுத் தட்டுகளில் ஏற்றி நிறுக்க, இலக்கண பண்டிதர்கள் வாயடைத்துப்போக, வக்கீலுக்கும் பேச இடமில்லாதுபோக, புருஷனோ தன் பேச்சில் நேரும் வழு ஒன்றையாவது அவள் பொறுக்கலாகாதா என்று ஏங்குகிறான். குற்றமே இல்லாதவளை மணந்தாலோ, கிராக்கஸ் சகோதரர்களைப் பெற்ற கொர்னேலியாவே ஆனாலும், அவளுடைய குலப்பெருமையைத் தாங்க முடியாது என்கிறார்.

அதே அங்கதத்தில் வரும் செசென்னியா என்பவளை அவள் கணவன் உத்தமி என்று புகழ்வதற்குக் காரணம், அவள் கொண்டுவந்த 10 லட்சம் செஸ்டர்ஸ் சீதனம். இந்தப் பரிகாசத்தின் வேர் சட்டத்தில் இருக்கிறது. அக்காலத்து விவாகங்களில் பெரும்பாலானவற்றில் மனைவியின் பிதுரார்ஜிதம் கணவன் கைக்கு வருவதில்லை. விவாகரத்து நேர்ந்தாலோ, வாங்கிய சீதனத்தில் பெரும்பகுதியையேனும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஆதலால் அதை நம்பிக் குடித்தனம் நடத்தியவன் மனைவியின் முகக்குறிப்புக்கு அஞ்சினான். ஜுவெனலுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட பிளாட்டஸின் நாடகமொன்றில் வரும் டெமேனெட்டஸ் என்னும் கிழவனும், சீதனத்துக்காக அதிகாரத்தை விற்றுவிட்டதை எண்ணியே புலம்புகிறான். பிரமசாரியாக இருந்து தப்பவும் வழி குறுகியிருந்தது: அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் கி.மு. 18-இலும் கி.பி. 9-இலும் வந்த சட்டங்கள், மணமாகாதவன் உறவல்லாதாரின் மரணசாசனத்தால் சொத்தடைவதைத் தடுத்தன.

ஆனால் இத்தனை புலம்பலும் புருஷர்களுடையதே என்பது என்னை வருத்துகிறது. சுல்பிசியா என்னும் ரோமானியப் பெண், தன் கணவன் கலேனுஸிடம் கொண்ட காதலைக் கவிதைகளாகப் பாடினாள். கணவனொருவனையே மகிழ்விக்க விரும்பும் பெண்கள் யாவரும் அவற்றைப் படிக்கட்டும் என்று மார்ஷியல் என்னும் கவி போற்றினார். அக்கவிதைகளில் இன்று எஞ்சியவை இரண்டே அடிகள். அவையும், ஜுவெனலின் இதே ஆறாவது அங்கதத்தில் வரும் படுக்கை விரிப்பு ஒன்றின் பெயருக்குப் பொருள் சொல்லப் புகுந்த பழைய உரைகாரர் ஒருவர் மேற்கோளாக எடுத்துக்காட்டியதனால் பிழைத்தவை.