டிக்கியில் சிலிண்டர்... அப்போ ஸ்டெப்னி எங்கே? புது கார் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

கார் வாங்கப் போனால் மைலேஜ் கேட்போம், கலர் கேட்போம், டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச்னு கூட கேட்போம். ஆனால் "ஸ்டெப்னி எங்கே இருக்கு?"ன்னு கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. பஞ்சர் ஆகி, ரோட்டு ஓரத்தில் நிற்கும்போதுதான் பலருக்கும் அந்தக் கேள்வியே வருகிறது.

பம்மல், பல்லாவரம், அனகாபுத்தூர் பகுதிகளில் இருந்து ஊருக்குக் கிளம்புபவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஜிஎஸ்டி சாலையில் பெருங்களத்தூர் தாண்டி, பரனூர் சுங்கச்சாவடி பக்கம் ராத்திரி 11 மணிக்கு டயர் போனால், பக்கத்தில் பஞ்சர் கடை திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. லாரிகளும் பஸ்களும் உரசிப் போகிற சாலையில், ஸ்டெப்னியை வெளியே எடுக்க எத்தனை நிமிஷம் ஆகிறதோ, அத்தனை நிமிஷமும் ஆபத்துதான்.

அதனால் ஸ்டெப்னி இருக்கா, இல்லையா என்பது பாதிக் கேள்விதான். எந்த இடத்தில் இருக்கு என்பதுதான் மீதி. ஒவ்வொரு இடத்திலும் என்ன வசதி, என்ன சிக்கல்? விளக்கமாகப் பார்க்கலாம்.

'ஸ்டெப்னி' என்ற பெயர் எப்படி வந்தது?

ஆரம்ப காலக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. டயர் போனால் அங்கேயே கழற்றி, ஒட்டி, காற்றடித்துத்தான் கிளம்ப வேண்டும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள லனெல்லி என்ற ஊரில், 1904-ல் டேவிஸ் சகோதரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காற்றடித்த டயரோடு கூடிய ஒரு வளையம். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைப் பூட்டிக்கொண்டு வண்டியை ஓட்டலாம்.

அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி ஸ்ட்ரீட். அந்தப் பெயரே சக்கரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் இன்று அந்த வார்த்தையை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. நம்ம ஊர் பஞ்சர் கடையில் இன்னும் அதே பெயர்தான்.

ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாமா?

விற்கலாம். 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டு வந்தது. 3.5 டன் வரை எடையுள்ள பயணிகள் வாகனத்தில், டியூப்லெஸ் டயர், அதைச் சரிசெய்யும் பஞ்சர் கிட், டயரில் காற்று குறைந்தால் டிரைவருக்கு எச்சரிக்கை தரும் டிபிஎம்எஸ் வசதி ஆகியவை இருந்தால், ஸ்டெப்னி கட்டாயம் இல்லை.

இதன் விளைவை மறைமலைநகரில் தயாரான ஒரு காரிலேயே பார்க்கலாம். ஃபோர்டு எகோஸ்போர்ட் காருக்கு அடையாளமே பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னிதான். 2021-ல் அதே காரின் ஒரு ரகம் பின்கதவு ஸ்டெப்னி இல்லாமல், பஞ்சர் கிட்டோடு விற்பனைக்கு வந்தது.

ஆணி குத்திய ஓட்டைக்கு கிட் போதும். ஆனால் பள்ளத்தில் விழுந்து டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் கிட் உதவாது. அப்போது இழுவை வண்டியைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை.

டிக்கி தரைக்கு அடியில்

பெரும்பாலான சின்ன கார்களில் ஸ்டெப்னி இருக்கும் இடம் இதுதான். மழை, சேறு படாது. திருடு போகாது. காற்று செக் பண்ணுவதும் சுலபம்.

சிக்கல் எங்கே? டிக்கி நிறைய பை, அரிசி மூட்டை, வாட்டர் கேன் என்று அடுக்கிக்கொண்டு கிளம்பினால், பஞ்சர் ஆகும்போது அத்தனையும் ரோட்டில் இறக்க வேண்டும். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் மட்டுமாவது கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சிஎன்ஜி கார் என்றால்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்டெப்னி இருந்த இடத்தையும் டிக்கியையும் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். வழக்கமாக ஒரு பெரிய சிலிண்டர் இருக்கும். இந்தியாவில் 2023-ல் டாடா ஆல்ட்ரோஸ் காரில், அதற்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் வைக்கும் முறை வந்தது. டிக்கியில் பை வைக்க இடம் கிடைத்தது. ஆனால் ஸ்டெப்னி வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

அதனால் இன்று சிஎன்ஜி கார்களில் மூன்று விதம் பார்க்கலாம். சிலதில் ஸ்டெப்னி சிலிண்டருக்குப் பக்கத்திலோ அடியிலோ இருக்கும். சிலதில் காருக்குக் கீழே தொங்கும். சிலதில் ஸ்டெப்னியே இருக்காது, கிட் மட்டும்தான். ஒரே காரில் பெட்ரோல் மாடலுக்கும் சிஎன்ஜி மாடலுக்கும் இது மாறும். அதனால் ஷோரூமில் பெட்ரோல் மாடலின் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு சிஎன்ஜிக்கு புக் பண்ணாதீங்க.

வெளியில் கிட் மாட்டியவர்கள் ஸ்டெப்னியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதும், பின் சீட்டில் சும்மா போட்டு வைப்பதும் உண்டு. இரண்டாவது ரொம்ப ஆபத்து. சின்ன கார் சக்கரமே டயரோடு சேர்த்து 12 முதல் 15 கிலோ வரும். கட்டாமல் கிடக்கும் அந்தச் சக்கரம், வண்டி எதிலாவது மோதினால் முன்னால் இருப்பவர் முதுகில்தான் வந்து விழும்.

ஸ்டெப்னியை எடுக்க சிலிண்டரின் பிராக்கெட்டை லூஸ் பண்ணவே கூடாது. அப்படிச் செய்தால்தான் ஸ்டெப்னி வரும் என்றால், கிட் மாட்டிய விதமே தப்பு. மாட்டியவரிடமே திரும்பப் போய் இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

காருக்குக் கீழே தொங்கினால்?

இன்னோவா கிரிஸ்டா, எர்டிகா போன்ற 7 சீட்டர் கார்களில் ஸ்டெப்னி பின்பக்கம், வண்டிக்கு அடியில் இருக்கும். டிக்கியில் ஒரு பையைக்கூட இறக்காமல் எடுக்கலாம் என்பது பெரிய வசதி.

ஆனால் மழைத் தண்ணி, சேறு, கல் எல்லாம் நேராக அதன் மேல்தான் படும். முடிச்சூர், வரதராஜபுரம் போல வெள்ளம் தேங்கும் பகுதிகளில் நின்ற வண்டி என்றால், ஸ்டெப்னியைத் தாங்கும் கேபிளும் போல்ட்டும் துருப்பிடித்து இறுகிப்போக வாய்ப்பு அதிகம். வருஷத்துக்கு இரண்டு முறையாவது, முக்கியமாக வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், அதை ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்த வகை காரில் முதலில் ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு, அப்புறம்தான் ஜாக்கி போட வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ விடவே கூடாது.

பின்கதவில் மாட்டினால்?

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி போன்றவற்றில் இப்படித்தான் இருக்கிறது. எடுப்பது ரொம்ப சுலபம். குனியவும் வேண்டாம், பையை இறக்கவும் வேண்டாம். ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கப் பார்வை கொஞ்சம் மறையும். கதவு பக்கவாட்டில் திறப்பதால், பின்னால் சுவரை ஒட்டி நிறுத்தினால் திறக்க முடியாது.

இதைப் பார்த்து சாதாரண காரின் பின்கதவிலும் ஸ்டெப்னி மாட்ட நினைப்பது தப்பு. அந்தக் கதவும் கீலும் அவ்வளவு எடையைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. நம்பர் பிளேட்டும் லைட்டும் மறையும். கம்பெனி தந்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன் கீழும் கேள்வி வரும்.

மேலே கேரியரில் கட்டலாமா என்றும் சிலர் கேட்பார்கள். காரின் எடை மேல்பக்கம் கூடக் கூட, வளைவில் வண்டி சாயும். கேரியர் எத்தனை கிலோ தாங்கும் என்று காரின் மேனுவலில் பார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது.

பின்னால் டிரெய்லர் இழுத்தால் கணக்கே வேறு

வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் சின்ன கேம்பிங் டிரெய்லரை இழுத்துக்கொண்டு டூர் போவது சாதாரணம். அங்கேயும் இதே கேள்விதான்: ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது?

டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், காரோடு இணையும் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் பின்பற்றப்படும் பொதுக் கணக்கு. 500 கிலோ டிரெய்லர் என்றால் 50 முதல் 75 கிலோ. பின்பக்கம் எடை கூடினால், வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும்.

20 கிலோ ஸ்டெப்னியை எடுத்துக்கொள்வோம். கொக்கியில் இருந்து அச்சு வரை 3 மீட்டர். அச்சுக்குப் பின்னால் 1.5 மீட்டரில் மாட்டினால், கொக்கியில் 10 கிலோ குறையும். அதையே அச்சுக்கு முன்னால் 1.5 மீட்டரில் மாட்டினால், 10 கிலோ கூடும். சக்கரம் அதேதான், இடம் மட்டும் மாறியதால் 20 கிலோ வித்தியாசம்! அதனால்தான் பலர் பின்சுவரைத் தவிர்த்து, முன்பக்க இழுவைச் சட்டத்திலோ, தரைக்கு அடியில் அச்சுக்குப் பக்கத்திலோ மாட்டுகிறார்கள். டிரெய்லர் சக்கரமும் கார் சக்கரமும் பெரும்பாலும் ஒரே சைஸ் இருக்காது. இரண்டுக்கும் தனித்தனி ஸ்டெப்னி தேவைப்படும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

* உங்கள் காரின் ஸ்டெப்னியை வீட்டு வாசலிலேயே ஒரு முறை வெளியே எடுத்துப் பாருங்கள். ஜாக்கி, ஸ்பேனர், கைப்பிடி எல்லாம் இருக்கா என்றும் பாருங்கள்.
* பங்கில் காத்து அடிக்கும்போது "ஸ்டெப்னிக்கும் அடிங்க"ன்னு கேட்டு வாங்குங்கள். நாம் கேட்காவிட்டால் அந்த நாலு டயரோடு முடிந்துவிடும்.
* டயர் ஓரத்தில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ஓடாமல் இருந்தாலும் ரப்பர் பழசாகும்.
* ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடச் சின்னதா இருக்கா? அதில் 80 கி.மீ. வேகம்தான் எல்லை என்ற ஸ்டிக்கர் இருக்கும். பக்கத்து பஞ்சர் கடை வரைக்கும்தான் அது, ஊர் வரைக்கும் இல்லை.
* கிட் மட்டும் உள்ள கார் என்றால், அதில் இருக்கும் மருந்தின் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

வழியில் பஞ்சர் ஆனால்?

பிரேக்கை டக்குன்னு அழுத்தாமல், மெதுவாக இடதுபக்கம் ஒதுங்குங்கள். முடிந்தால் சமமான, அகலமான இடம் வரை மெதுவாக நகர்த்துங்கள். டிஸ்க் வளைந்தாலும் பரவாயில்லை, உயிர் முக்கியம். நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். குழந்தைகள், பெரியவர்கள் எல்லோரையும் இறக்கி, சாலையை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இடம் ஆபத்தாகத் தெரிந்தால் டயர் மாற்ற முயற்சியே வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்கு அழைத்தால் உதவி கேட்கலாம். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.