விரதமும் காபியும்: வணிகர் போட வேண்டிய கணக்கு

கடைத்தெருவில் அண்மைக் காலமாக ஒரு புதுப் பழக்கம் பரவி வருகிறது. இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்தால் மறுநாள் பகல் பன்னிரண்டு மணி வரை எதுவும் உண்பதில்லை. பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு என்பது இதன் கணக்கு. வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல் உண்டு, இரண்டு நாள் மட்டும் மிகக் குறைவாகச் சாப்பிடும் முறையும் உண்டு. நம் வீடுகளில் பெரியவர்கள் ஒருபொழுது இருந்தது தெய்வத்துக்காக. இது எடையையும் சர்க்கரை நோயையும் நினைத்து இருப்பது.

இப்படி விரதம் இருக்கும் வணிகரிடம் விசாரித்தால், "தண்ணீரும் காபியும் மட்டும்தான்" என்பார். தண்ணீரில் தகராறு இல்லை. அந்தக் காபி எத்தகையது, எத்தனை டம்ளர், எந்த நேரத்தில் குடிப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கல்லாவில் காசுக்குக் காசு கணக்குப் பார்க்கும் நாம், இந்தக் கணக்கையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஒரு டம்ளரின் கணக்கு

பால், சர்க்கரை சேராத கறுப்புக் காபியில் இரண்டு முதல் ஐந்து கலோரிக்கு மேல் இராது. எடை குறைப்பதற்காக இருக்கும் விரதத்தை அது கெடுக்காது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. பசியைச் சற்று நேரம் தள்ளிப் போடவும் சிலருக்கு உதவுகிறது.

ஆனால் நாம் குடிப்பது அதுவா? நூறு மில்லி சமன்படுத்திய பாலில் ஏறத்தாழ 60 கலோரி இருக்கிறது; கொழுப்பு நிறைந்த பாலானால் 90 வரை போகும். இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை 10 கிராம். அதில் 40 கலோரி. ஆக, ஒரு டம்ளர் ஃபில்டர் காபி என்பது 100 முதல் 130 கலோரி. பக்கத்துக் கடை நண்பர் வந்தால் ஒன்று, மொத்த வியாபாரியின் ஆள் வந்தால் ஒன்று என ஐந்து டம்ளர் உள்ளே போனால் 500 கலோரிக்குக் குறையாது. ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, அதைக் காபியாகக் குடித்திருக்கிறோம் என்று பொருள்.

சர்க்கரை மட்டும் 50 கிராம். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர், உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சர்க்கரையை 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டு கூறியது. அந்த அளவு முழுவதும் காபியிலேயே தீர்ந்துவிடுகிறது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் சேர்த்தால் விரதம் கெடாது என்ற பேச்சிலும் உண்மை இல்லை. மூன்றும் நம் கடையில் விற்கும் நல்ல சரக்குகளே. ஆனால் இரத்தத்தில் சேரும்போது அவையும் சர்க்கரைதான்.

பட்டினியால் மட்டும் எடை குறைந்துவிடுமா? சீனாவின் குவாங்சோ நகரில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்து, 2022-இல் முடிவை வெளியிட்டனர். இரு பிரிவினரும் கலோரியைக் குறைத்தே உண்டனர். ஒரு பிரிவினர் மட்டும் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டனர். இரு பிரிவினரும் எடை குறைந்தனர். இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நாள் முழுவதும் உள்ளே போகும் மொத்த அளவுதான் முக்கியம் என்பதை இது காட்டுகிறது. எனவே காபியைக் கணக்கில் சேர்க்காத விரதம், கடன் பாக்கியை எழுதாத பேரேடு போன்றது.

சந்தைக்குப் போகிறவர் கவனத்திற்கு

காய்கறி, மளிகை வாங்க நள்ளிரவுக்குப் பின் எழுந்து சந்தைக்குப் போகும் வணிகர்கள் ஏராளம். அரைத் தூக்கத்தில் எழுந்ததும் வெறும் வயிற்றில் கடுங்காப்பி குடிப்பது வழக்கம். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் 29 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வு இவர்களுக்கென்றே செய்தது போல் இருக்கிறது. தூக்கம் கெட்ட இரவுக்குப் பின், காலை உணவுக்கு முன்னால் கடுங்காப்பி குடித்தபோது, அதன்பின் சேர்ந்த இனிப்பால் இரத்தச் சர்க்கரை ஏறியது ஏறத்தாழ 50 சதவீதம் அதிகமாக இருந்தது. நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கே இந்த நிலை.

காபியிலுள்ள காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. இரவு ஒன்பது மணிக்குக் கணக்கு முடிக்கும்போது குடித்த காபி, நள்ளிரவு தாண்டியும் வேலை செய்துகொண்டிருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும், விரதம் பிடிக்காது. நல்ல உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை காஃபீன் சேர்வதால் பொதுவாகத் தீங்கில்லை என்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராமே உச்ச வரம்பு. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் உள்ளவர்கள் வெறும் வயிற்றுக் காபியைத் தவிர்ப்பதே மேல்.

மாத்திரை சாப்பிடுவோர் எச்சரிக்கை

உயிரோடு சம்பந்தப்பட்டது இந்தப் பகுதி. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது. மருந்தின் அளவு சாப்பாட்டை நம்பி எழுதப்பட்டது. சாப்பாடு நின்று மருந்து நிற்காவிட்டால், இரத்தச் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கிவிடும்.

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தலை கிறுகிறுப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். காபி அதிகமானாலும் படபடப்பும் நடுக்கமும் வரும் என்பதால், "காபி கூடிப்போச்சு" என்று சும்மா இருந்துவிடுவது உண்டு. களைப்பு என்று நினைத்து இன்னொரு கறுப்புக் காபி குடிப்பவரும் உண்டு. இரண்டும் ஆபத்து. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மூட்டை மூட்டையாகச் சர்க்கரை இருக்கும் கடையில் ஒருவர் சர்க்கரை இறங்கி விழக் கூடாது. கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தண்ணீரில் விழுங்கி, குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி குடிக்க வேண்டும். உடன் குடித்தால் மருந்து உடலில் சரியாகச் சேராது. வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் கறுப்புக் காபியும் கூடாது.

வாடிக்கையாளர் கேட்டால்

"விரதத்துக்கு ஏற்ற காபித்தூள் கொடுங்கள்" என்று கேட்டு வருவோர் உண்டு. சரியான பதில் சொல்வது நம் கடமை. பாலும் சர்க்கரையும் கலந்த உடனடிக் காபி பொட்டலங்கள் விரதத்துக்கு ஆகாது. உறையில் அச்சிட்டுள்ள சர்க்கரை அளவைக் காட்டிச் சொல்லலாம். சிக்கரியில் காஃபீன் இல்லை. ஆகவே சிக்கரி கலந்த தூளில் காஃபீன் குறையும். நிறமும் கெட்டித்தன்மையும் கூடும். கறுப்பாகக் குடிக்கப் போகிறவருக்குக் கலக்காத தூளே ருசிக்கும். அராபிகாவைவிட ரொபஸ்டாவில் காஃபீன் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால், படபடப்பு வருகிறவருக்கு அராபிகாவைச் சொல்லலாம்.

சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டின் விகிதமும் உறையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். விகிதம் அச்சிடாத பொட்டலத்தை மொத்த வியாபாரி குறைந்த விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். "இந்தக் காபி குடித்தால் பத்து நாளில் எடை குறையும்" என்று கடையில் பலகை எழுதி வைப்பதும் வேண்டாம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி, தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்

விரத நேரத்தில் காபி வேண்டுமானால் கறுப்பாக, ஒன்றோ இரண்டோ டம்ளர் போதும். பால் காபி இல்லாமல் முடியாது என்பவர், சாப்பிடும் நேரத்துக்குள் சர்க்கரையைக் குறைத்துக் குடிக்கட்டும். மாலைக்குப் பின் காபியை நிறுத்துங்கள். தண்ணீரை மறக்காதீர்கள். மருந்து எடுப்பவர் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

வருடம் ஒருமுறை கடையில் சரக்கு இருப்பு எடுக்கிறோம். அதுபோல் இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வோம். கடையைத் திறக்க நாளையும் நாம் வேண்டும்.