பாங்கொலி ஓய்ந்த பின்னர்



மொராக்கோ நாட்டு மராக்கிஷ் நகரின் பழைய கடைவீதியில் 69 வணிகர்களை எரிக் டுஹைம் என்னும் ஆய்வாளர் அணுகினார். அவர்கள் முன் மூன்று வழிகளை வைத்தார். அவர் தரும் பணத்தில் ஒரு சிறு தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளலாம்; அல்லது தமக்கு ஏதுமின்றி, அதனினும் பெரிய தொகையைத் தர்மத்திற்கு விட்டுவிடலாம்; இரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு.

2015 ஆம் ஆண்டில் இவ்வாய்வு வெளிவந்தது. பாங்கொலி செவியில் விழுந்துகொண்டிருந்த வேளையில் கேட்கப்பட்டோர் அனைவரும் முழுத் தொகையையும் தர்மத்திற்கே விட்டனர். பாங்கு ஒலிக்காத வேளையில் அவ்விதம் செய்தோர் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேரே!

இதனை அறிந்தபோது முதலில் எனக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. இறையழைப்பு உள்ளத்தை இளக்குகிறது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? ஆனால் சற்றுப் பொறுத்துக் கவலையும் பிறந்தது. கடைவீதி அதுவே; கலிமாவும் அதுவே. ஒலி ஓய்ந்ததும் மனம் ஏன் மாறிற்று?

ஓர் ஊரில் 69 பேரை வைத்து உம்மத்தையே எடைபோடலாகாது. மேலும், பிறர் தந்த பணத்தை விட்டுக்கொடுப்பது எளிது. தம் கல்லாப்பெட்டியிலிருந்து எடுப்பதன்றோ கடினம்! எனினும் அவ்வணிகர்களிடம் நாம் காண்பது நம் முகத்தையே. லுஹருக்கும் அஸருக்கும் இடையில் தராசைப் பிடிக்கும் கை எது? தொழுகைக்கு அனுமதி பெற்றுச் சென்றவர், முடிந்த பின்னும் பள்ளிவாசல் திண்ணையில் அரைமணி நேரம் உரையாடியிருந்தால், அந்த அரைமணிக்குரிய கூலி யாருடையது? மாதம் பிறந்தால் கொடுப்பதாக வாங்கிய கடன், கையில் பணம் வந்த அன்று நினைவிற்கு வருகிறதா?

திருமறையின் ஜும்ஆ அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். அழைப்பு வந்தால் வியாபாரத்தை விட்டு விரையுங்கள் என்னும் கட்டளையை நாம் அனைவரும் அறிவோம். அதற்கு அடுத்த வசனத்தில், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறு கூறும் இறைவன், தன்னை அதிகமாக நினைவுகூருமாறும் பணிக்கிறான். ‘அதிகமாக’ என்னும் அச்சொல் கடைவீதிக்குத் திரும்பிச் செல்பவனை நோக்கியே வருகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதை ஹதீஸில் காண்கிறோம். மழையில் நனைந்தது என்றார் உரிமையாளர். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய நாயகம் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். பிலால் (ரலி) அவர்களின் பாங்கை நாளும் ஐவேளை கேட்ட காலம் அது. அக்காலத்திலேயே ஒரு குவியலின் அடியில் ஈரம் மறைந்திருந்தது.

இன்று ஜும்ஆ முடிந்து கடை திறக்கும்போது, முதலில் வருபவருக்கு உங்கள் குவியலின் எப்பக்கத்திலிருந்து அள்ளிக் கொடுப்பீர்கள்?