வீடு கைமாறினால் வாடகை உயருமா?

ஒன்ராறியோவில் வாடகைக்குக் குடியிருக்கும் வீடு விற்கப்படும்போது, வாடகை உயர்ந்துவிடுமோ என்ற அச்சம் பல குடும்பங்களுக்கு எழுகின்றது. புதிய உரிமையாளர் கூடிய விலைக்கு வீட்டை வாங்கியிருக்கலாம். அவருடைய அடமானத் தவணையும் பெரிதாக இருக்கலாம். எனினும், வீடு கைமாறியது என்பது மட்டுமே வாடகையை உயர்த்துவதற்குச் சட்டபூர்வமான காரணமாகாது.

பழைய ஒப்பந்தம் தொடரும்

2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின்படி, புதிய உரிமையாளர் முன்னையவரின் இடத்தில் அமர்கின்றார். வாடகைத் தொகை, வாகனத் தரிப்பிடம், மின்சாரக் கட்டணம் முதலியவை பற்றி முன்னர் உடன்பட்டவை அவரையும் கட்டுப்படுத்தும். புதிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டிய கடப்பாடு வாடகையாளருக்கு இல்லை.

உயர்வுக்கான விதிகள்

- இறுதியாக வாடகை உயர்த்தப்பட்ட நாளிலிருந்து, அல்லது குடியேறிய நாளிலிருந்து, 12 மாதங்கள் கழிந்திருக்க வேண்டும். வீடு விற்கப்பட்ட நாள் இக்கணக்கில் சேராது.
- குறைந்தது 90 நாட்களுக்கு முன்னர் உரிய படிவத்தில் எழுத்துமூல அறிவித்தல் வழங்கப்பட வேண்டும்.
- உயர்வு மாகாணம் அறிவிக்கும் வரம்பைத் தாண்டலாகாது. இவ்வரம்பு 2025இல் 2.5 வீதம்; 2026இல் 2.1 வீதம். அதற்கு மேல் உயர்த்த, வீட்டு உரிமையாளர் மற்றும் வாடகையாளர் சபையின் அனுமதி தேவை.

உதாரணமாக, 1,800 டொலர் வாடகை இறுதியாக 2025 மார்ச் 1ஆம் திகதி உயர்த்தப்பட்டு, வீடு யூன் மாதத்தில் விற்கப்பட்டதாகக் கொள்வோம். அடுத்த உயர்வு 2026 மார்ச் 1ஆம் திகதிக்கு முன்னர் நடைமுறைக்கு வர முடியாது. அதற்கான அறிவித்தல் 2025 டிசம்பர் 1ஆம் திகதிக்குள் கிடைத்திருக்க வேண்டும். சபையின் அனுமதியின்றி, புதிய வாடகை 1,837.80 டொலரை மிஞ்சலாகாது.

முக்கிய விதிவிலக்கு

2018 நவம்பர் 15ஆம் திகதிக்குப் பின்னர் முதன்முதலாகக் குடியிருப்பாகப் பயன்படுத்தப்பட்ட வீடுகளுக்கு வீத வரம்பு பொருந்தாது. அதன் பின்னர் புதிதாக அமைக்கப்பட்ட சில நிலக்கீழ்க் குடியிருப்புகளும் இதில் அடங்கலாம். ஆயினும் 12 மாத விதியும் 90 நாள் விதியும் இவற்றுக்கும் உண்டு.

மௌனம் உரிமையை இழக்கச் செய்யலாம்

உரிய அறிவித்தலின்றிக் கேட்கப்படும் உயர்வு செல்லாது. ஆனால் வாடகையாளர் அதனைத் தொடர்ந்து 12 மாதங்கள் செலுத்தி, முதன்முதலாக அறவிடப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் சபையிடம் விண்ணப்பிக்காதுவிட்டால், அதே உயர்வு செல்லுபடியாகிவிடும். உரிமையாளருடன் முரண்பட விரும்பாது பொறுத்துக்கொள்ளும் குடும்பங்கள் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும். கூடுதலாகச் செலுத்திய பணத்தை மீளப் பெறுவதற்கு டி1 படிவம் பயன்படும்.

அதேவேளை, சட்டபூர்வமான வாடகையை முழுமையாகவும் உரிய நாளிலும் செலுத்திவருவது அவசியம். அதனை நிறுத்திவைத்தால், வெளியேற்றுவதற்கான நடவடிக்கைக்கு அதுவே காரணமாகிவிடும்.

செய்ய வேண்டியவை

பழைய ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், இறுதி மாத வாடகைக்காகச் செலுத்திய முற்பணத்தின் சான்று ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள். அம்முற்பணத்துக்கான பொறுப்பும் புதிய உரிமையாளரையே சாரும். வாய்மொழியாக உயர்வு கேட்கப்பட்டால், எழுத்தில் தருமாறு கோருங்கள். விளங்காத எப்பத்திரத்திலும் கையொப்பமிட வேண்டாம். வருமானம் குறைந்தோர் சமூகச் சட்ட உதவி நிலையங்களில் இலவச ஆலோசனை பெறலாம். அருகிலுள்ள நிலையத்தை அறிய 211 என்ற இலக்கத்தை அழையுங்கள்.