புது எலியை நேரே கூண்டில் விடாதீர்கள்

வளர்ப்பு எலி தனியாக இருந்தால் வாடிவிடும். அதற்குத் துணை தேடுவது நல்ல எண்ணம்தான். ஆனால் வாங்கி வந்த அன்றே புது எலியைப் பழைய கூண்டில் விடுவது நோயையும் சண்டையையும் விலைகொடுத்து வாங்குவதாகிவிடும்.

2016 டிசம்பரில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வீட்டிலேயே எலி வளர்த்து விற்ற ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தார். காரணம் எலியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சியோல் வைரஸ். கைமாறிய எலிகளைத் தேடிப் போனபோது தொற்று 11 மாநிலங்களில் இருந்தது தெரிந்தது. இந்த வைரஸ் எலிக்குள் இருந்தாலும் எலி துள்ளிக்கொண்டுதான் இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் எலி எங்கே பிறந்தது, எத்தனை கை மாறியது என்று விற்பவரிடம் கேளுங்கள். இந்தியாவில் 2018ஆம் ஆண்டின் வளர்ப்புப் பிராணிக் கடை விதிகள் எலிக்கும் பொருந்தும். கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்வதற்குத் தயங்காதீர்கள், பில்லையும் வாங்கிவிடுங்கள். பின்னால் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம்.

வீட்டுக்கு வந்ததும் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று வாரம், வேறு அறையில் வையுங்கள். பழைய எலிகளைக் கவனித்த பிறகே புது எலியிடம் போங்கள். பிறகு கை கழுவி, சட்டையும் மாற்றுங்கள். மூக்கோரம் சிவப்பாகக் கசிந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது ரத்தமல்ல, போர்பிரின் என்ற நிறமி. இடம் மாறிய மிரட்சியில் கொஞ்சம் வரும். தினமும் வந்தாலோ மூச்சு இரைத்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆணா பெண்ணா என்பதை நீங்களே பாருங்கள். எலி ஐந்து வார வயதிலேயே இனம் பெருக்கும், சினையானால் மூன்று வாரத்தில் குட்டி போடும்.

முதல் சந்திப்பு இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் நடக்கட்டும். ஒன்று மற்றதை மல்லாத்திப் போட்டுக் கீச்சென்று கத்த வைத்தால் விட்டுவிடுங்கள். யார் பெரியவர் என்று பேசி முடிக்கிறார்கள். முடி சிலிர்த்து, முதுகை வளைத்துப் பக்கவாட்டில் நெருங்கினால்தான் ஆபத்து. தடித்த துண்டால் பிரியுங்கள், வெறுங்கையை நீட்டாதீர்கள். ரத்தம் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஒன்றாகச் சுருண்டு தூங்கத் தொடங்கிய பிறகு, வாசம் போகக் கழுவி, சாமான்களை இடம் மாற்றிவைத்த கூண்டில் சேர்த்து விடலாம்.

எலி உங்களைக் கடித்துவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சில நாளில் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி வந்தால் எலி கடித்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எலிக்கடிக் காய்ச்சலுக்குப் பென்சிலின் நன்றாகக் கேட்கும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.