அரிசி சேராத தோசை

விடியற்காலை நாலரை மணிக்குத் திருவொற்றியூரில் எங்கள் தெரு வழியாக நடந்து போகிறவர்களுக்குக் கடிகாரம் வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு தோசைக் கல்லில் மாவு விழும் ‘சொய்’ என்ற ஓசை கேட்கும். ஆறு மணி ஷிப்டுக்குத் துறைமுகத்துக்கும் எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்கும் போகிறவர்கள் புறப்படும் நேரம் அது. தலைக்கு நாலு தோசை. முந்திய இரவின் மீன் குழம்பு மிச்சமிருந்தால் ஐந்து. இது எங்கள் பேட்டையின் எழுதப்படாத சட்டம்.

என் மாமனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் ஆறு தோசை சாப்பிடுவார் என்று அத்தை இன்றும் பெருமையுடன் சொல்லுவார். அந்த ஆறும் நண்பகலுக்குள் வேர்வையாக வெளியேறிவிடும். 1983-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் ஏற்பட்டது. மூட்டைகளின் இடத்தைப் பெட்டிகள் பிடித்துக்கொண்டன. முதுகு செய்த வேலையைக் கிரேன் செய்யலாயிற்று. என் கணவர் அத்தகைய கிரேன் ஒன்றின் கூண்டில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறவர். தகப்பனாரின் உழைப்பு மகனுக்கு இல்லை; தகப்பனாரின் பசி மட்டும் பரம்பரைச் சொத்தாக வந்து சேர்ந்துவிட்டது. இந்த எளிய கணக்கு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் எனக்கே தோன்றவில்லை. இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்துதான் அதைச் சொல்லிக் கொடுத்தது. காலைப் பலகாரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை அளவு 268 என்று அதில் கண்டிருந்தது.

வைத்தியர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “காலை ஆகாரத்தில் மாவுச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்” என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை திகைத்துப் போனார்.

“தோசையை நிறுத்திவிட்டு மனுஷன் எதைத் தின்றுவிட்டு வேலைக்குப் போவான்? சொல்லம்மா!”

நியாயமான கேள்விதான். அதற்கு விடை தேடியதுதான் இக்கட்டுரை.

இந்த வியாதி எங்கள் பக்கத்துக்குப் புதிதன்று. நீரிழிவு வைத்தியத்தின் சரித்திரத்திலேயே ராயபுரத்துக்கு ஓர் இடம் உண்டு. டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். பிறகு 1954-இல் ராயபுரத்தில் அந்த நோய் ஒன்றுக்கு மாத்திரமே ஒரு மருத்துவமனையை நிறுவினார். கப்பல் தொழிலாளர்களும் மீனவர்களும் சிறு வியாபாரிகளும் நெருங்கி வாழும் பேட்டையில் ‘பணக்கார வியாதி’க்கு ஆஸ்பத்திரியா என்று அக்காலத்தில் சிலர் நினைத்திருக்கக் கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-இல் வெளிவந்தது; நமது தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் ஏறக்குறைய 10 கோடி என்றும், அதன் வாசற்படியில் நிற்கிறவர்கள் 13 கோடிக்கும் மேல் என்றும் அது கூறிற்று. இப்போது அதைப் பணக்கார வியாதி என்று சொல்ல யாருக்கும் நா எழாது.

மாவுச்சத்தைக் குறைப்பது என்ற யோசனையும் புதிதன்று. ஜான் ரோலோ என்ற ராணுவ வைத்தியர் 1797-லேயே நீரிழிவுக்காரருக்குத் தானியத்தை நிறுத்தி மாமிசம் கொடுத்துப் பார்த்தார். 1922-இல் கனடாவில் டொரொண்டோ நகரத்தில் இன்சுலின் முதல் முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்படும் வரையில், ஆகாரத்தை வெட்டுவதைத் தவிர வைத்தியர்களின் கையில் வேறு ஆயுதம் இல்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், ராயபுரத்து விசுவநாதன் 1970-களில் வற்புறுத்தியது இதற்கு நேர் எதிரான வழி போலத் தோன்றும். அவர் சொன்னது நார்ச்சத்து மிகுந்த, மாவுச்சத்தும் மிகுந்த உணவு! சோற்றைக் கண்டு நடுங்கிப் பட்டினி கிடக்க வேண்டாம். பருப்பும் பயறும் கீரையும் நிறையச் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை மெல்ல மெல்லத்தான் ரத்தத்தில் ஏறும் என்பது அதன் உட்கருத்து. 2022-இல் வந்த வேறோர் ஆய்வோ, புதிதாக நோய் கண்டவர்கள் தம் உணவுச் சக்தியில் மாவுச்சத்தின் பங்கை 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தை 19, 20 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும் என்று கணக்கிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பருப்பு டப்பாவுக்கு முன்னால் வந்ததும் இரண்டு கட்சியும் சமாதானமாகிவிடுகின்றன என்று தெரிந்தது.

எப்படி என்று சொல்வதற்கு ஓர் அட்டவணையைத் திறக்க வேண்டும். நீலகிரியில் குன்னூரில் மக்காரிசன் என்பவர் தொடங்கிய ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து, அவருக்குப் பின் வந்த ஐக்ராய்டு 1937-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களைப் பட்டியலிட்டு வெளியிட்டார். அந்தக் கூடம் 1958-இல் ஹைதராபாதுக்குப் போயிற்று. அதன் வாரிசான தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் புதிய அட்டவணை கொண்டுவந்தது. அதன்படி நூறு கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம், புரதம் 8, நார் 3. முழுப் பச்சைப்பயற்றில் மாவுச்சத்து 46, புரதம் 22½, நார் 17. உளுத்தம் பருப்பு 51, 23, 12.

இங்கே ஒரு வார்த்தை. அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு, சாமை, கோதுமை என்று மாற்றிவிட்டு, “சர்க்கரைக்காரருக்கு இது தோஷமில்லை” என்று இரட்டிப்பாகச் சாப்பிடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். கேழ்வரகில் மாவுச்சத்து 67, சாமையில் 66, கோதுமை மாவில் 64. நார் கூடுதல் என்பது உண்மையே. ஆனால் நாலு கேழ்வரகுத் தோசையை உள்ளே தள்ளிவிட்டு ரத்தத்தின் மேல் குற்றம் சொல்வதில் பிரயோஜனமில்லை.

நானும் ஆரம்பத்தில் தடுமாறாமல் இல்லை. காலிஃபிளவரைத் துருவி உப்புமாவாகக் கிளறினேன். என் கணவர் ஒரு வாய் உண்டுவிட்டு, “உப்புமா எப்போது வரும்?” என்று கேட்டார். பாதாம் மாவில் தோசை சுடலாம் என்று யாரோ சொன்னார்கள். சுடலாம், மாதச் சம்பளத்தையும் அதனுடன் சேர்த்துச் சுட்டுவிடலாம். பயறு மாத்திரம் அரைத்து இட்லி ஊற்றியதில், தட்டிலிருந்து எழுந்து வர அவற்றுக்கு மனமே வரவில்லை.

கடைசியில் வழி பக்கத்து வீட்டிலேயே இருந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உண்டு. அடுத்த வீட்டு அக்கா அவர்களில் ஒருவர். என் சங்கடத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“டீச்சரம்மா, எங்கள் வீட்டில் காலையில் சுடுவது என்னவென்று இத்தனை வருஷமாக வாசனை பிடித்தும் தெரியவில்லையா? பெசரட்டு!”

தெலுங்கில் பெசலு என்றால் பச்சைப்பயறு. அட்டு என்றால் தோசை. பெயரிலேயே செய்முறை அடங்கியிருக்கிறது.

தோலுடன் கூடிய முழுப் பச்சைப்பயறு 270 கிராம், உளுத்தம் பருப்பு 30 கிராம். இரண்டையும் கழுவி, இரவில் படுக்கப் போகுமுன் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். புளிக்க வைக்கும் கவலை கிடையாது. இதுவே வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பெரிய அனுகூலம். காலையில் நீரை வடித்து, நாலு பச்சை மிளகாய், கட்டைவிரல் அளவு இஞ்சி, ஒரு கரண்டிச் சீரகம், உப்பு சேர்த்து அரைக்க வேண்டும். வழக்கமான தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கையில் லேசாக நறநறவென்று தட்டுப்பட வேண்டும். மொறுமொறுப்புக்காக ஒரு பிடி அரிசி போடுவது வழக்கம். அந்தப் பிடியைத்தான் நான் உளுந்தாக மாற்றினேன். ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையையும் கலந்துகொள்வது என் சொந்தப் பைத்தியம். அதற்குப் பலன் உண்டு.

கல் நன்றாகக் காய வேண்டும். ஆனால் மாவு விடும்போது அனல் தணிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பயற்று மாவு கரண்டியோடு சுருண்டுகொண்டு வந்துவிடும். முதல் வாரம் என் தோசைகள் எல்லாம் பூகோளப் படம் போலவே விழுந்தன. கல்லில் சிறிது தண்ணீர் தெளித்து, துணியால் துடைத்து, உடனே மாவை விட்டுச் சட்டென்று சுழற்ற வேண்டும். மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தைத் தூவி அழுத்தி, ஓரத்தில் நல்லெண்ணெய் விட்டு, ஒரு பக்கம் சிவந்ததும் திருப்ப வேண்டியதுதான். ஆந்திரத்து ஓட்டல்களில் இதன் வயிற்றுக்குள் ரவை உப்புமாவை வைத்து மடித்துக் கொடுப்பார்கள். ருசியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் வாசல் வழியாக விரட்டிய திருடனைக் கொல்லைப்புறமாகக் கூப்பிட்ட கதைதான் அது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன அளவில் பத்துத் தோசைகள் வரும். ஒன்றுக்கு 30 கிராம் பருப்பு. மூன்று சாப்பிட்டால் மாவுச்சத்து சுமார் 42 கிராம், புரதம் 20. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்த பழைய மாவில், அதே பருமனுள்ள நாலு தோசையில் மாவுச்சத்து 87 கிராம், புரதம் 13. பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மூன்றுக்கு மேல் இவர் கேட்பதும் இல்லை. பயறு பசியை நெடுநேரம் தாங்குகிறது.

இவ்வளவும் சரியாக நடந்திருந்தால் எழுத வேண்டிய அவசியமே இருந்திராது. மூன்றாம் நாள் நடந்ததை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆயினும் மறைப்பது தர்மமன்று. அன்று ஷிப்டு முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றவருக்குத் திடீரென்று உடம்பெல்லாம் வேர்த்தது, கை நடுங்கிற்று, பேச்சுக் குழறிற்று. உடன் வேலை செய்யும் ஒருவர் விஷயம் தெரிந்தவராக இருந்ததால், பக்கத்துக் கடையில் சர்க்கரையை அள்ளிப் போட்டுத் தேநீர் வாங்கிக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. அதே வேர்வையும் நடுக்கமும் கிரேனின் உச்சியில், இருபது டன் பெட்டி தொங்கும்போது வந்திருந்தால்? அன்றிரவு நான் தூங்கவில்லை.

வைத்தியர் என்னைத்தான் கடிந்துகொண்டார். அவர் எழுதியிருந்த மாத்திரைகளில் ஒன்று, சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் வகை. நாலு தோசைக்காக அளந்து எழுதிய மாத்திரை அது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் தோசையைப் பாதியாக்கிவிட்டேன், மாத்திரை பாதியாகவில்லை. காலையில் மட்டுமன்றி, உற்சாக மிகுதியில் மத்தியானச் சோற்றிலும் கை வைத்திருந்தேன். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, கொடுத்து, கால் மணி கழித்து மறுபடியும் சோதித்துப் பார்க்க வேண்டும். இவர் சட்டைப் பையில் இப்போது எப்போதும் நாலு சர்க்கரைப் பொட்டலங்கள் இருக்கின்றன. வைத்தியர் அந்த மாத்திரையைக் குறைத்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு நிறுத்தியே விட்டார். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும், இவ்வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வைத்தியரைக் கலந்த பின்பே அடுப்பங்கரையில் புரட்சி செய்ய வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்னும் அப்படியே.

தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல்தான் பெசரட்டுக்குப் பொருத்தம். அதில் வெல்லம் சேர்ப்பார்கள், நான் சேர்ப்பதில்லை. தேங்காய்ச் சட்டினிக்குத் தடையில்லை. காசிமேட்டு நெத்திலிக் குழம்பு மீந்திருந்தால் அதற்கு ஈடு இணை கிடையாது. தெலுங்கு அக்காவே அதை ஒப்புக்கொண்டு ஒரு கிண்ணம் வாங்கிப் போனார். காப்பியில் போடும் இரண்டு கரண்டிச் சர்க்கரையை நிறுத்துவதற்குத்தான், தோசையை மாற்றியதைவிட அதிகமான போராட்டம் நடந்தது. இன்னும் அரைக் கரண்டி பாக்கியிருக்கிறது.

சென்ற மாதம் பலகாரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு 152. சீட்டை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், மறுநாளைக்கு ஊறப் போடப் பயற்றை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டில் அரிசித் தோசை உண்டு. தலைக்கு இரண்டு. மூன்றாவது கேட்டால் அத்தையே அடுப்பை அணைத்துவிடுகிறார்.