புது பேட்டரி வாங்குவதற்கு முன்னால்...



நம் பகுதியில் ஒரு குழு வங்கிக் கடனில் டீசல் லோடு வண்டி வாங்கி, உழவர் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறார்கள். விடிகாலை நாலு மணிக்கு வண்டி கிளம்பணும். ஒருநாள் சாவியைத் திருகினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான். நாலு பேர் தள்ளினார்கள், ஸ்டார்ட் ஆனது. மறுநாளும் அதே கதை. "பேட்டரி போச்சும்மா, மாத்திடுங்க" என்று சொல்ல, கூட்டத்தில் தீர்மானம் போட்டு, பொதுநிதியில் புது பேட்டரி வாங்கினார்கள். பத்தே நாளில் அதுவும் படுத்துவிட்டது. "எங்க காசு என்னாச்சு?" என்று எல்லோரும் கேட்க, வண்டிக் கணக்கு பார்க்கிற அக்கா அழுதே விட்டார். கடைசியில் பார்த்தால் கோளாறு தளர்ந்துபோன ஒரு பெல்ட்! பழைய பேட்டரியில் குறையே இல்லை. அதைத்தான் எடைக்குப் போட்டாச்சே.

இதை நம் குழுக் கணக்கு மாதிரி நினைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரி கடன் கொடுக்கிறது. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் தவணை கட்டுகிறது. என்ஜினோடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றும் பாகம்தான் அது. (சில மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்றே சொல்வார்கள்.) தவணை வராவிட்டால் எத்தனை புது பேட்டரி போட்டாலும் கரைந்துதான் போகும்.

டீசல் வண்டியில் இது சீக்கிரம் தெரியாது. பெட்ரோல் என்ஜினுக்குத் தீப்பொறி வேணும். டீசல் என்ஜினில் காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அதனால் பழைய மாதிரி வண்டி ஒருதடவை ஸ்டார்ட் ஆகிவிட்டால், சார்ஜ் ஏறாவிட்டாலும் நாள் முழுக்க ஓடும். அந்த அழுத்தத்துக்கு எதிராக என்ஜினைச் சுழற்ற செல்ஃப் மோட்டாருக்கு நிறைய மின்சாரம் வேணும், அதான் மறுநாள் காலையில் மாட்டிக்கொள்கிறோம். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளோ நடுவழியிலேயே நின்றுவிடும்.

முதலில் சிவப்பு பேட்டரி விளக்கைப் பாருங்கள். சாவி போட்டதும் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். அணையாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. சாவி போட்டும் எரியவே இல்லையா? பல்பு போயிருக்கலாம். சில வண்டிகளில் அந்த பல்பு போனாலே ஆல்டர்னேட்டர் வேலை தொடங்காது!

அடுத்து பெல்ட். என்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கினால் தளர்வு. பேட்டரி முனைகளில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்கச் சொல்லுங்கள்.

பிறகு மல்டிமீட்டர். சில நூறு ரூபாய்தான். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு ஒயரை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி. என்ஜினை ஓடவிட்டால் 13.8-லிருந்து 14.4 வரை வரணும். ஏறவே இல்லையென்றால் பெல்ட், ஒயர், கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் என்று ஆல்டர்னேட்டர் பக்கம் தேடணும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரித் தண்ணீர் வற்றி, பல்புகளும் போகும்.

சார்ஜ் சரியாக ஏறியும் காலையில் காலியா? ராத்திரி மைனஸ் ஒயரைக் கழற்றி வையுங்கள். காலையில் மாட்டியதும் ஸ்டார்ட் ஆனால் வண்டியில் எங்கோ மின்சாரம் கசிகிறது. அப்பவும் ஆகலைன்னா, பேட்டரிதான் போச்சு, தைரியமா மாத்துங்க.

என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி 'சோதனை' செய்ய யாரையும் விடாதீர்கள். ஆல்டர்னேட்டர் உள்ளே இருக்கிற டயோடு போய்விடும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். தண்ணீர் பம்பும் அநேகமாக அதே பெல்ட்டில்தான். ஓடும்போது பெல்ட் அறுந்தால் சிவப்பு விளக்கு எரியும், பிரேக் கல்லு மாதிரி இறுகும், என்ஜின் சூடேறும். லோடோடு இறக்கத்தில் இருந்தால் நினைத்துப் பாருங்கள். "விளக்குதானே, ஊர் போய்ப் பாத்துக்கலாம்" என்று டிரைவர் தம்பி சொன்னாலும், ஓரமாக நிறுத்தி பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் குழு இப்போது மீட்டர் ஒன்று வாங்கி, தீர்மானப் புத்தகத்தோடு அதே பெட்டியில் வைத்திருக்கிறது. வாரம் ஒருமுறை அளந்து எழுதுவது அழுத அக்காதான்.